மட்டாஞ்சேரியில் நிரம்பிய ஐந்து ஜாடிகள்

படகிலிருந்து மட்டாஞ்சேரித் துறையில் இறங்கும்போதே ஒரு ஜாடி போய்விட்டது. எனக்கு முன்னால் இறங்கியவரின் குடைக்காம்பு என் மரப்பெட்டியின் கயிற்றில் மாட்டிக்கொண்டது. அவர் இழுத்தார், நான் இழுத்தேன், பெட்டி படிக்கல்லில் இடித்தது. வைக்கோலுக்குள்ளிருந்து கண்ணாடி நொறுங்கும் சத்தம். அவர் திரும்பி, "பொட்டியோ?" என்றார். உடைந்துவிட்டதா என்கிறார். தலையாட்டினேன். "சாரமில்ல" என்று சொல்லிக் குடையை விடுவித்துக்கொண்டு போனார். பரவாயில்லை என்று சொல்ல வேண்டியவன் நான். அதையும் அவரே சொல்லிவிட்டார்.

எழுபதுகள் முடிகிற சமயம் அது. உப்பளம், சர்க்கஸ் கூடாரம், லாரி என்று சுற்றிவிட்டு, மதுரையில் ஒரு சின்னப் பட்டறையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடங்களுக்குத் தவளை, நட்சத்திர மீன், பாம்புக்குட்டி எல்லாவற்றையும் ஃபார்மலின் ஜாடியில் போட்டு அனுப்புகிற பட்டறை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் தமிழ்நாட்டில் பாதிப் பள்ளிக்கூடங்களின் அலமாரிக்குள் போய்வந்திருக்கிறேன்.

அந்த வருஷம் பாடத்தில் உணவுச் சங்கிலி என்று புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. முதலாளி என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "வெயிலை வச்சுப் பாசி தனக்குத் தானே சமைச்சுக்கும். பாசியை இறால் திங்கும். இறாலைச் சின்ன மீன் திங்கும், சின்ன மீனைப் பெரிய மீன், மீனைப் பறவை. அஞ்சு ஜாடி. அஞ்சும் ஒரே தண்ணியில எடுத்ததா இருக்கணும். அப்பத்தான் அது சங்கிலி. இல்லேன்னா வெறும் ஜாடி."

"பறவை செத்தா?"

"அதை அழுக வைக்கிற கிருமி இருக்குல்ல. அழுகினது மறுபடி பாசிக்கு எரு. ஆனா கிருமி கண்ணுக்குத் தெரியாது, அதுக்கு ஜாடி வேணாம்."

"கொக்கு ஜாடிக்குள்ள போகாதே அண்ணாச்சி."

"மீன்கொத்தி பிடி. பெரிய மீனும் ரொம்பப் பெரிசா இருந்துடப்படாது."

இப்படித்தான் நான் கொச்சிக்கு வந்தேன்.

தங்கியது வேலாயுதம் வீட்டில். எங்கள் பட்டறையில் பெட்டி அடிக்கிறவரின் சித்தப்பா மகன். வேலாயுதத்தின் தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து மிளகு மூட்டை தூக்க வந்து, இங்கேயே நின்றுவிட்டார். சரக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் வரிசை வீடு. சுவரைத் தொட்டால் விரலில் சுக்கு வாசனை ஒட்டும். வேலாயுதம் வேலை பார்த்த மிளகுக் கிட்டங்கியை மூடி இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது.

"இரிங்க, இரிங்க. தங்கம், சாயா எடு" என்றார். அவர் மனைவி தங்கம் சாயாவோடு கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கு வேகவைத்ததும் சம்மந்தி என்கிற மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து வைத்தார். எங்கள் பக்கத்தில் கிழங்கைப் பஞ்சத்துக்குத் தின்போம். இங்கே விருந்தாளிக்கு வைக்கிறார்கள், அதுவும் பெருமையாக. நன்றாகவே இருந்தது.

உடைந்த ஜாடியைப் பார்த்துத் தங்கம் சிரித்தார். "மீனை வெள்ளத்துல போட்டு வச்சுப் பிள்ளைங்களுக்குக் காட்டவா இவ்வளவு தூரம்? இங்க வந்து தோட்டு வக்கத்துல நின்னா சும்மா காணலாமே." வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர், தோடு என்றால் வாய்க்கால். கரையில் நின்று சும்மாவே பார்க்கலாம் என்பது சரிதான். மேலூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எப்படி வந்து நிற்பார்கள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் வேலாயுதத்தோடு பஸ் ஏறினேன். பெட்டியில் கொஞ்சம் ஃபார்மலின் சிந்தியிருந்தது. கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சேட்டா, பெட்டிக்குள்ள யாரு? சொந்தக்காரரா?" என்று மலையாளத்தில் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. தோப்பும்படி தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, கீழே பார்த்துவிட்டு, பீடி பற்றவைத்தார். எல்லாரும் அவரைத் திட்டிக்கொண்டே இறங்கி நடந்தோம். வெயில். பள்ளுருத்தியைக் கடந்து வள்ளம் என்கிற சிறுபடகு, அதன்பின் வரப்பு.

வரப்பின் முடிவில் வயல். முதலில் பார்த்தபோது காயல் என்றுதான் நினைத்தேன். நெஞ்சளவு வரப்பு கட்டிய உப்புத் தண்ணீர். மழைக்காலத்தில் உப்பு கழுவப்பட்டு அதில் நெல் விளைகிறது. கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். பிறகு மதகைத் திறந்து காயல் தண்ணீரை உள்ளே விடுகிறார்கள். தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாத இறால் குஞ்சு வருகிறது. தாள் அழுகி, அதன்மேல் பாசி படர்ந்து, அதைத் தின்று இறால் வளர்கிறது. இறாலின் கழிவு மறு வருஷ நெல்லுக்கு எரு. யாரும் ஒரு கைப்பிடி உரம் போடுவதில்லை. முதலாளி சொன்ன சங்கிலி என் காலடியில் கிடந்தது, வட்டமாக.

எங்கள் பக்கத்தில் மாட்டுச்சாணிக்கே சண்டை நடக்கும். எனக்கு அந்த வயலைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

வயல் மரியம் சேச்சியுடையது. அறுபது வயது இருக்கும், சட்டையும் வெள்ளை முண்டும், கையில் வாத்து ஓட்டுகிற கோல். நெல் அவருக்கு. அறுவடை முடிந்ததிலிருந்து சித்திரை விஷு வரை இறால் குத்தகை வேலாயுதத்துக்கு. விஷுவன்று விடிந்தால் வயல் ஊருக்குப் பொது. குத்தகைக்காரன் பிடித்ததுபோக மிச்சம் இருப்பதை யார் வேண்டுமானாலும் இறங்கிப் பிடிக்கலாம். கலக்கல் என்கிறார்கள். எங்கள் ஊரிலும் கண்மாய் வற்றும்போது பெரியவர் ஒருவர் வெள்ளைத்துண்டை வீசுவார், ஊரே ஊத்தாக் கூடையோடு மீன் பிடிக்க இறங்கும். அதைச் சொன்னேன். சேச்சிக்குச் சந்தோஷம். "அப்போ உங்களுக்கும் மனசிலாகும்" என்றார். பிறகு அவர் பேசியதை வேலாயுதம் தமிழில் சொன்னார்.

சேச்சிக்கு வளைகுடாவில், அங்கே பெர்ஷியா என்பார்கள், இரண்டு பையன்கள். வயலைத் தூர்த்து வீடு கட்டலாம் என்று ஒவ்வொரு லீவுக்கும் வந்து நிற்கிறார்கள். சேச்சி விடவில்லை. "ஊருக்கு விஷுவன்று கொஞ்சம் மீன் கிடைக்கிறது, எனக்குக் கஞ்சிக்கு நெல் கிடைக்கிறது, இவனுக்கும் பிழைப்பு. அது நடக்கிற மட்டும் மண் கொட்ட விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஏன் வேலாயுதா?"

"பின்ன இல்லாம" என்றார் வேலாயுதம்.

வள்ளத்தில் திரும்பும்போது அவர் என்னிடம் சொன்னார்: "இந்த வயல் போச்சுன்னா மட்டாஞ்சேரியில எனக்கு வேற ஒண்ணும் இல்ல. தென்காசியிலயும் ஆளு இல்ல. எங்க போக?"

அடுத்த சில நாட்கள் நான் சங்கிலி பிடித்தேன். அதாவது, பிடிக்கவில்லை. இறால் கைக்கு வந்தால் மீசை ஒடிந்தது. சிறுமீன் வலைக்கு வந்தால் செதில் உதிர்ந்தது. பெரிய மீனுக்குக் கொடுவா ஒன்று தூண்டிலில் வந்தது, வாய் கிழிந்து. மீன்கொத்திக்கு ஆலம்பால் பசை தடவிய குச்சி நட்டேன். அது பக்கத்துக் குச்சியில் உட்கார்ந்து நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தது. மரியம் சேச்சியின் வாத்துகள் பசைக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போயின. "தமிழன் வந்து எங்க தாராவைப் பிடிக்கிறான்" என்று எதிர்வரப்பிலிருந்து யாரோ கத்தினார்கள்.

பாசி மட்டும் கிடைத்தது. அதற்குத்தான் ஜாடி இல்லை.

வேலாயுதத்துக்கும் அந்த நாட்கள் சரியில்லை. இறால் பிடிப்பது கையால் அல்ல, தண்ணீரால். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் காயல் நன்றாக ஏறி நன்றாக வற்றும். தக்கம் என்பார்கள். வற்றும்போது மதகைத் திறந்து அதன் வாயில் வலை கட்டினால் இறால் தானே வந்து விழும். அந்த வருஷத்துக் கடைசித் தக்கத்தில் மதகுப் பலகை உடைந்து, வலையைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. பலகை மாற்றி முடிப்பதற்குள் தக்கம் கழிந்தது. விஷுவோ சூரியக் கணக்கு. அது தண்ணீருக்காகக் காத்திருக்காது. வயல் நிறைய இறால், வெளியே கொண்டுவரத் தண்ணீர் ஓட்டம் இல்லை, குத்தகை முடியப் போகிறது.

"தோப்பும்படி இறால் கம்பெனி ஏஜண்டு சொல்லிட்டான்" என்றார் சாப்பிடும்போது. "கடைசி லோடு நல்லா இருந்தாத்தான் அடுத்த வருஷம் என்கிட்ட எடுப்பானாம். இங்க வயல்ல செம்மீன் துள்ளுது. விஷுவுக்கு எல்லாவனும் வந்து கோரிட்டுப் போவான்."

"போகட்டும், அவங்க பங்குதானே" என்றார் தங்கம். அன்று கரிமீன் வறுத்து, பச்சை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தார். வேலாயுதம் சரியாகச் சாப்பிடவில்லை.

விஷுவுக்கு முந்தின நாள் நான் வயலுக்குப் போகவில்லை. வரப்போரத்துச் சிப்பி பாதத்தைக் கிழித்து வீங்கியிருந்தது. மஞ்சளை அரைத்துக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். தங்கம் கணி வைப்பதற்குக் கொன்றைப்பூவும் வெள்ளரிக்காயும் வாங்கி வந்தார். விஷு காலையில் கண் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். வருஷம் முழுக்க அதுபோல இருக்கும் என்பது நம்பிக்கை. பிறகு பெரியவர்கள் கையில் காசு வைப்பார்கள், கைநீட்டம் என்று. எதிர்வீட்டுக் குஜராத்திக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். சந்து முழுக்க இஞ்சி காய்ந்தது. உட்கார்ந்து பார்க்க நல்ல ஊர்தான்.

சாயங்காலம் வேலாயுதம் இரண்டு பெரிய கூடைகளோடு வந்தார். இரண்டும் நிரம்பியிருந்தன. இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

தங்கம் ஒரு இறாலை எடுத்துப் பார்த்தார். "இதென்ன, வெளுத்துக் குழைஞ்சு இருக்கு? கம்பெனிக்குக் கொண்டு போகலையா?"

"போனேன். ஏஜண்டு மோந்து பார்த்தான். எடுத்துக்கிட்டு ஓடுடான்னான்."

நான் கூடைப் பக்கம் குனிந்தேன். ஃபார்மலினோடு புழங்குகிற மூக்கு எனக்கு. அதையும் மீறி அடித்தது, தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து.

"நஞ்சங்காய் அரைச்சுக் கலக்குறது பண்டே உள்ளதுதான்" என்றார் அவர், யாரும் கேட்காமலே. "மீன் மயங்கும், பிடிச்சுக்கலாம். ஆனா அதுக்கு ஒரு சாக்குக் காய் வேணும், ஒரு பகல் வேணும். இதுன்னா ஒரு குப்பி போதும். அரை மணிக்கூர்ல எல்லாம் மேல பொங்கி வந்துடுச்சு."

"சேச்சிக்குத் தெரியுமா?"

"அடுத்த வெள்ளத்துல எல்லாம் கழுவிக்கிட்டுப் போயிடும்."

தங்கம் எழுந்தார். "ஏது வெள்ளம்? தக்கம் கழிஞ்சுதுன்னுதானே இத்தனை நாள் அழுது கரைஞ்சீங்க? ஓடுற வெள்ளம் இருந்தா நீங்க வலை கட்டியிருப்பீங்களே."

வேலாயுதம் பொய் சொல்லவில்லை. தண்ணீர் ஓடாததால் மருந்தை ஊற்றியவருக்கு, அந்த மருந்தை வெளியே கொண்டுபோகவும் அதே தண்ணீர்தான் ஓட வேண்டும் என்று தோன்றவே இல்லை. வேறு எந்த ஊர்க்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. தண்ணீர் வரும் போகும் என்று பிறந்ததிலிருந்து பார்த்தவனுக்குத்தான் அது வராமலும் இருக்கும் என்பது மறந்துபோகும்.

தங்கம் கூடைகளை இழுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் குழி தோண்டினார். "அப்ப அடுத்த வருஷம்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

விஷு காலையில் கணி இருந்தது. கொன்றைப்பூ, வெள்ளரிக்காய், அரிசி, கண்ணாடி, விளக்கு. மூன்று பேரும் வரிசையாகப் பார்த்தோம். பிறகு, கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்ததால், நானும் வேலாயுதமும் பெட்டியோடு கிளம்பினோம். வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தனியாகப் போக அவருக்குப் பயமாக இருந்திருக்கும்.

வரப்பு முழுக்க ஆட்கள். ஆண்கள், பெண்கள், இடுப்பில் பிள்ளைகள். கையில் கூடை, எங்கள் ஊத்தா போன்ற ஒற்றல், கொசுவலைத் துணி. விஷு உடுப்பை மடித்துக் கட்டியிருந்தார்கள். ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை. சத்தமும் இல்லை. எங்கள் கண்மாய்க் கரையில் துண்டு வீசுவதற்கு முன் ஒரு அமைதி இருக்கும். அது வேறு.

வயல் வெள்ளையாக இருந்தது. சிறுமீன்கள் வயிறு மேலாக, வரப்போரம் நுரைபோல ஒதுங்கியிருந்தன. நடுவில் கொடுவாக்கள். அவை கடைசியில் செத்திருக்க வேண்டும், வாய் திறந்திருந்தது. சிறுமீனைத் தின்ற கொக்கு இரண்டு சேற்றில் கழுத்தை நீட்டிக் கிடந்தன. சேச்சியின் வாத்துகள் ஒரு மூலையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. காற்றுதான் சுற்றியது. எங்கும் ஈ. முதலாளி ஜாடி வேண்டாம் என்று சொன்ன கிருமிக் கூட்டம் மட்டும் வேலையைத் தொடங்கியிருந்தது.

தண்ணீருக்கு அடியில் பாசி நல்ல பச்சையாக இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தின்னத்தான் யாரும் இல்லை.

"ஹோ, நல்ல கணி!" என்றான் ஒருவன் வேலாயுதத்தைப் பார்த்து.

"கைநீட்டமும் கொண்டுவந்திருக்கான், ஆளுக்கு ஒரு குப்பி" என்றான் இன்னொருவன்.

ஒரு பெண் தன் கூடையை அவர் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள். "எங்களுக்குக் கொஞ்சம் உயிரோட விட்டிருந்தா உன் வீட்டு அடுப்பு எரியாதாடா? வருஷத்துல ஒரு நாள்தானே கேட்டோம்?"

யாராவது அடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் காலிக் கூடையோடு வரப்பில் திரும்பி நடந்தார்கள்.

மரியம் சேச்சி மதகுக் கல்லில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு வாத்து. வேலாயுதம் போய் எதிரில் நின்றார்.

"சேச்சி, மழை வந்தா எல்லாம் சரியாயிடும். நெல்லுக்கு ஒண்ணும் ஆகாது. மருந்து நெல்லுக்கு நல்லதுதானே."

சேச்சி மடியிலிருந்த வாத்தின் இறக்கையை நீவிவிட்டார். பிறகு சொன்னதை எனக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவும் இல்லை. "என் பையன்கள் சொன்னபோது அவர்களை நான் பேராசைக்காரன்கள் என்றேன் வேலாயுதா. உன்னையும் ஊரையும் காட்டித்தான் அவர்கள் வாயை அடைத்தேன். இனி யாரைக் காட்டுவேன்? அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மண் கொட்டட்டும்."

"சேச்சி..."

"பொய்க்கோ மோனே." போய்விடு மகனே. கோபமே இல்லாமல் சொன்னார்.

வேலாயுதம் வரப்பில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டியைப் பார்த்தார். "நீங்க தேடினது எல்லாம் கிடக்கே" என்றார். "எடுத்துக்கங்க. உங்களுக்காவது ஆகட்டும்."

எடுத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது? அதற்காகத்தான் வந்திருந்தேன். இறாலின் மீசை முழுசாக இருந்தது. சிறுமீனில் ஒரு செதில் உதிரவில்லை. சின்னக் கொடுவா ஒன்று, ஜாடிக்கு அளவெடுத்ததுபோல. மீன்கொத்தி, என் பசைக் குச்சிக்குக் கீழேயே, இறக்கை பாதி விரிந்து. அத்தனை நாள் பார்த்த அதே மீன்கொத்திதானா என்று தெரியாது. நீல நிறம் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கம் ஊறுகாய்ப் பாட்டிலைக் காலி செய்து, கழுவி, துடைத்து என் முன்னால் வைத்தார். "பாசிக்கு ஜாடி இல்லைன்னீங்களே. இனி எங்களுக்கு எதுக்கு, எங்கயாவது கட்டிக்கிட்டுப் போறப்ப உடையத்தான் செய்யும்." எலுமிச்சை வாசனை போகவில்லை. அதில்தான் பாசியைப் போட்டேன்.

ரயிலில் ஐந்தையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஃபார்மலினில் போட்டது அழுகாது. அழுகாதது பாசிக்கு எருவாகாது. அந்த ஐந்தும் இனி எந்தச் சங்கிலியிலும் இல்லை என்று பாலக்காடு தாண்டும்போது தோன்றியது. எட்டாவது படித்தவனுக்கு இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. வெளியே மழை இல்லாத எங்கள் பூமி வந்துகொண்டிருந்தது.

முதலாளி ஒவ்வொரு ஜாடியாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கண்ணி பட்ட தடம் இல்ல, வலை பட்ட தடம் இல்ல. எப்படிடா பிடிச்ச? அஞ்சும் ஒரே தண்ணிதானே?"

"ஒரே தண்ணிதான்."

ஊறுகாய்ப் பாட்டிலைப் பார்த்து முகம் சுளித்து, பாசியை நல்ல ஜாடிக்கு மாற்றச் சொன்னார். ஜாடிகளை வரிசையாகப் பலகையில் பதித்து, நடுவில் சிவப்பு அம்புக்குறி வரைந்தார்கள். பார்த்தவுடன் புரிந்தது. பள்ளிக்கூடங்களிலிருந்து நிறைய ஆர்டர் வந்தது.

மழைக்காலம் முடிந்ததும் முதலாளி கூப்பிட்டார். "அதே இடத்துக்குப் போ. அதே ஆளைப் பிடி, அதே தண்ணி."

அந்த ஆள் மட்டாஞ்சேரியை விட்டுப் போய்விட்டதாகப் பெட்டி அடிக்கிறவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். களமசேரிப் பக்கம் புருஷனும் மனைவியும் செங்கல் சுமக்கிறார்களாம். வயலில் லாரி லாரியாக மண் கொட்டி முடித்துவிட்டார்களாம்.

"அந்தத் தண்ணி இல்ல அண்ணாச்சி. அதுக்கு மேல வீடு கட்டுறாங்க."

முதலாளி கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப வேற தண்ணி பாரு" என்றார்.